ரங்கனின் மூக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், வெங்கடம்மா மெக்கானிக் ரங்கனிடம் முதன்முதலாகச் சொன்ன சொல் "ஒழுகுது" என்பது. கொட்டகையின் தகரக் கூரையைத்தான் சொல்கிறார் என்றெண்ணி ரங்கன் அண்ணாந்து பார்த்தார்.

"மேல இன்னாத்துக்குப் பாக்கறே? வண்டியச் சொன்னேன்."

வண்டி வெங்கடம்மாவின் தந்தையுடையது. தடாவுக்கு மேற்கே உள்ள எல்லையோரச் சிற்றூரிலிருந்து கட்டட வேலைக்காகத் திருப்பதிக்கு வந்து தங்கியவர் அவர். அவருடைய மொபெட்டின் கார்புரேட்டரை ரங்கன் அப்போதுதான் பிரித்துத் துடைத்துப் பூட்டி, "இனிமே ஒரு சொட்டு விழாது பெரியவரே" என்று சொல்லி ஒப்படைத்திருந்தார். தரை ஈரமாக இருந்தது. அது மழையின் ஈரமா, பெட்ரோலின் ஈரமா என்று கண்ணால் பிரித்தறிய இயலாது. மகளோ முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு சாலையோரத்தில் தள்ளி நின்றிருந்தார். ரங்கன் குனிந்து, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தை விரலால் தடவினார். விரல் நுனி சில்லென்றது. பெட்ரோலேதான். "இன்னா மூக்கும்மா இது!" என்று அவர் வாய்விட்டு வியந்ததைப் பெண்ணின் தந்தை எப்படி எடுத்துக்கொண்டாரோ, அடுத்த வைகாசியில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

கரகம்பாடிச் சாலையில், அதே கொட்டகையில், ரங்கன் இன்றும் கார்புரேட்டர் பிரித்துக்கொண்டிருக்கிறார். அறுபதை நெருங்கும் வயது. காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய கைலி, காதில் செருகிய ஒரு துண்டுச் செப்புக் கம்பி. பேனா வைக்கவேண்டிய இடத்தில் கம்பியை வைத்திருப்பதாகக் கேலி செய்பவர்களிடம், "பேனா வெச்சா எழுதணும், கம்பி வெச்சா குத்தணும். எனக்குக் குத்தத்தான் வரும்" என்பார். அடைத்துக்கொண்ட நுண்துளைகளை அந்தக் கம்பியால்தான் அவர் குத்தித் திறப்பது வழக்கம்.

பால்காரர், தண்ணீர்க் கேன் போடுபவர், மலையடிவாரத்துக்குப் பூக்கூடை கொண்டுசெல்பவர் என்று அவரிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மொபெட்காரர்களே. வண்டியின் நோயும் பெரும்பாலும் ஒன்றே: ஒழுகல். கார்புரேட்டரின் கிண்ணத்துக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் நிரம்பியதும் மிதவை மேலெழும்பி, ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கிறது. ஊசி தேய்ந்தாலும், ஊசிக்கும் வாய்க்கும் நடுவே ஒரு தூசி உட்கார்ந்துகொண்டாலும், மிதவையில் ஓட்டை விழுந்தாலும் பெட்ரோல் வழிந்துவிடும். "தண்ணித் தொட்டில பந்து கட்டி வுட்டிருப்பாங்களே, அதே கததான். பந்து கெட்டா ஊடு நனையும்" என்று ரங்கன் இதனைச் சுருக்கிச் சொல்வார். மிதவையை எடுத்துக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குலுக்குவார். உள்ளே 'களக்' என்று ஒலி கேட்டால் பெட்ரோல் புகுந்துவிட்டது. மிதவை இனி மிதக்காது.

இதெல்லாம் எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடியதுதான். எல்லாவற்றையும் பூட்டி முடித்தபின் செய்கிற காரியமே ரங்கனுக்கு மட்டும் உரியது. பெட்ரோல் குழாயைத் திறந்துவிடுவார். வண்டியைவிட்டு மெல்லப் பின்வாங்குவார். கைகளைச் சட்டையின் இரு பக்கங்களிலும் அழுத்தித் துடைத்துக்கொண்டு, முகத்தை இடப்பக்கம் திருப்பி, "மே?" என்பார். மனைவியை அவர் அழைக்கும் ஒற்றை எழுத்து, அதுவே முழு வினா. அந்த இடப்பக்கத்தில் ஒரு நீல நாற்காலி கிடக்கிறது. அதில் இப்போது யாரும் இல்லை.

அந்த நாற்காலி கொட்டகைக்கு வந்தது இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டுக் கோடையில். ஊரை முடக்கிய பெருந்தொற்றில் கணவனும் மனைவியும் ஒருசேரப் படுத்து, ஒருசேர எழுந்தார்கள். இருவருக்கும் மணம் அறியும் உணர்வு போயிருந்தது. வெங்கடம்மாவுக்கு அது சில வாரங்களில் திரும்பியது. ரங்கனுக்குத் திரும்பவில்லை, திரும்பவில்லை என்பதையும் அவர் பெரிதாக எண்ணவில்லை. மோரும் ஊறுகாயும் வெறும் புளிப்பாகவும் காரமாகவும் நாவில் பட்டபோது, "காச்சல் வாயி, அப்பிடித்தான் இருக்கும்" என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

ஒருநாள் காலையில் கொட்டகையைத் திறந்து, வழக்கம்போல் பெருமாள் படத்தின்முன் ஊதுபத்தி ஏற்றுவதற்காகத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். முந்தைய நாள் விட்டுச்சென்ற வண்டியிலிருந்து ஒழுகிய பெட்ரோல், படத்துக்குக் கீழே மடித்துப் போட்டிருந்த கோணிப்பையில் ஊறிக் கிடந்தது. சோற்றுத் தூக்குடன் பின்னால் வந்துகொண்டிருந்த வெங்கடம்மா சாலையின் மறுபக்கத்திலிருந்தே கத்தினார்.

"யோவ்! குச்சியக் கீழப் போடுயா! நாத்தம் கொடலப் பொரட்டுது, உன் மூக்கு இன்னா செத்தா பூட்ச்சி?"

ரங்கன் குச்சியை உரசவில்லை. கோணிப்பையை எடுத்து, முகத்தோடு அழுத்தி, மூச்சை உள்ளே இழுத்தார். மீண்டும் இழுத்தார். பின்பு மனைவியைப் பார்த்து, "ஒண்ணுமே வர்ல மே" என்றார். பள்ளியில் எதையோ தொலைத்துவிட்டு வீட்டு வாசலில் வந்து நிற்கும் பிள்ளையின் குரல் அது.

மறுநாள் வெங்கடம்மா வீட்டு நீல நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கொட்டகையின் இடப்பக்கத்தில் அதைப் போட்டு, மடியில் ஒரு முறம் வேர்க்கடலையுடன் அமர்ந்தார். அன்றுமுதல் ஒவ்வொரு நாளும் அங்கேதான் இருந்தார். கடலையை உடைத்துக்கொண்டே தெலுங்கில் பால்காரருடன் வழக்காடுவார். தமிழில் கணவரைத் திட்டுவார். ரங்கன் "மே?" என்று திரும்பும்போது மட்டும் கை நிற்கும், முகவாய் சற்றே உயரும். அதன்பின் வரும் தீர்ப்பு இரண்டில் ஒன்றாகவே இருக்கும். "ஒழுகுது" அல்லது "ஓட்டலாம்." திருப்பதி வெயிலில் மெல்லிய ஒழுகல் கண்ணில் படுமுன்பே காய்ந்துவிடும். கண்ணை ஏமாற்றும் அந்தச் சொட்டு வெங்கடம்மாவின் மூக்கை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

"மெக்கானிக் எவரு? அன்னய்யாவா, வதினம்மாவா?" என்று தண்ணீர்க் கேன் போடும் சந்துரு ஒருமுறை கேலி செய்தார். மெக்கானிக் அண்ணனா, அண்ணியா என்பது அவர் ஐயம்.

"கை அவுர்து, மூக்கு என்து" என்றார் வெங்கடம்மா. "வாயி ரெண்டு பேருக்கும் கீது. பாத்துப் பேசு."

வீட்டிலும் இப்படித்தான். திருமணமான நாள்முதல் அவர்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதி ரங்கனின் மேல் வீசும் பெட்ரோல் வாடையைப் பற்றியது. "கையக் கழுவிக்கினு வந்து துன்னு. சோத்துல பெட்ரோலு ஊத்திப் பெசையறியா?" என்று தட்டைப் பிடுங்கிக்கொள்வார் வெங்கடம்மா. மூக்கு போனபின் சண்டையின் வடிவம் மாறியது. ரங்கன் கைகளைக் கழுவிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டுவார். மனைவி மோந்து பார்த்து, "இன்னோரு தபா" என்பார். ரங்கன் மறுபேச்சில்லாமல் எழுந்து போவார். சில நாள்களில் கை சுத்தமாக இருந்தாலும் வெங்கடம்மா "இன்னோரு தபா" என்று சொல்வதுண்டு. அதைக் கண்டுபிடிக்க ரங்கனுக்கு வழியில்லை என்பது அவருக்கு ஒரு வேடிக்கை.

வாடிக்கையாளர்களுள் கண்ணபிரான் தனி ரகம். கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்யும் வைணவர். அவருடைய பழைய மொபெட் மாதம் ஒருமுறையாவது ஒழுகும். "சொட்டறதுடா ரங்கா. அகத்துல துளசி மாடத்துக்கிட்ட நிறுத்த முடியலை. பெருமாளுக்குத் தளிகை பண்றவன் பெட்ரோல் பங்க் மாதிரி வாசனையோட போனா நன்னாவா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். பெருமாளுக்கு அமுது செய்விப்பதற்குமுன் சமைத்ததன் மணத்தை மனிதர் நுகரலாகாது என்பது மடப்பள்ளி வழக்கம். ஆதலால் மூக்கையும் வாயையும் மறைத்து ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டுதான் அங்கே அடுப்பருகே நிற்கவேண்டும். அந்தத் துணி எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும்.

ரங்கனுக்கு மூக்கு போன செய்தி தெரிந்தபோது கண்ணபிரான் ஆறுதலாகத்தான் சொன்னார்: "நானும் மோந்து பாக்காமத்தான்டா சமைக்கறேன். பொங்கல் வாசனை முதல்ல பெருமாளுக்கு, அப்பறந்தான் எனக்கு. பழகிடும்."

"உங்களுக்குத் துணிய அவுத்தா வந்துரும் சாமி. நான் எந்தத் துணிய அவுக்கறது?"

நாற்காலியிலிருந்து வெங்கடம்மாதான் பேச்சை எடுத்துக்கொண்டார். "சாமி பெருமாளுக்கு வுட்டுக்குடுத்தாரு. நீ எனக்கு வுட்டுக்குடுத்துட்டேன்னு நெனச்சிக்கோயா. உனக்கும் சேத்து நான்தான மோந்துக்கினு கீறேன்?"

இந்த ஆண்டுப் பொங்கல் கழிந்த சில நாள்களில் முறத்தில் கடலை அப்படியே இருக்கத் தொடங்கியது. பிறகு வயிற்றில் வலி என்றார் வெங்கடம்மா. பிறகு வலி என்று சொல்வதையும் விட்டுவிட்டார். நகரத்து மருத்துவமனையில் சேர்த்தபோது, நோய் ஈரலை ஏறத்தாழ முழுவதும் தின்றிருந்தது. சூளூர்பேட்டையில் துணிக்கடை வேலையிலிருந்த மகள் யமுனா விடுப்பெடுத்துக்கொண்டு வந்து தாயின் அருகே அமர்ந்துகொண்டாள்.

ரங்கன் பகலில் கொட்டகைக்கும், வேலை முடிந்ததும் மருத்துவமனைக்கும் போய்வந்தார். முதல் நாள் அப்படியே காக்கிச் சட்டையுடன் போய் நின்றவரைப் பார்த்துப் பணியிலிருந்த செவிலி முகம் சுளித்தார். பெட்ரோல் வாடை அடிக்கிறது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் குமட்டுகிறது, குளித்துவிட்டு வாருங்கள் என்று தெலுங்கில் சொன்னார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் ரங்கன் அதனைக் கடுமையாக எடுத்துக்கொண்டார். தம்மேல் எவ்வளவு வாடை வீசுகிறது என்பதை அறிய அவருக்கு இருந்த ஒரே கருவி அந்தக் கட்டிலில்தான் கண்மூடிக் கிடந்தது. அளவு தெரியாதவர் அளவுக்கு மிஞ்சிக் கழுவலானார். புளி, எலுமிச்சைத் தோல், சலவைத்தூள் என்று கையில் கிடைத்தவற்றையெல்லாம் முழங்கைவரை தேய்த்துக் குளித்தார். காக்கிச் சட்டைகளைச் சோப்பு நீரில் ஊறவைத்து, அடித்து, மீண்டும் ஊறவைத்துத் துவைத்தார். கொட்டகையில் கை துடைக்கும் கந்தல்களையும்கூட விடவில்லை.

வேலையும் தடுமாறியது. கார்புரேட்டரைப் பூட்டிவிட்டு "மே?" என்று திரும்புவார், வெற்று நாற்காலியைக் கண்டதும் அந்த எழுத்தை விழுங்கிக்கொள்வார். பின்பு வண்டிக்காரரையே கேட்பார்: "கொஞ்சம் மோந்து பாருங்க அன்னா, வாசன வருதா?" அவசரத்தில் இருப்பவர்கள் மோந்து பாராமலே "ஏமி லேது, ஏமி லேது" என்று கிளம்பிவிடுவார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிப் போன சந்துருவின் வண்டி மறுநாளே ஒழுகிக்கொண்டு திரும்பி வந்தது. கண்ணபிரான் ஒருவர்தான் குனிந்து, நிதானமாக மோந்து, "இன்னும் இருக்குடா ரங்கா, லேசா" என்று உள்ளதை உள்ளவாறே சொல்வார்.

சென்ற வாரத்தில் ஒருநாள் மாலை. மருத்துவர் தன்னிடம் சொன்னதை யமுனா மாடிப்படியருகே தந்தையை நிறுத்திச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச நாளுதானாம், நைனா. ஊட்டுக்கு இட்டுக்கினு போறதுன்னாலும் போலாம்னு சொல்றாங்க."

ரங்கன் தலையசைத்தார். "எதுனா துன்னாளா?" என்று கேட்டார். இல்லை என்று யமுனா சொன்னதும் மேலே ஏறிப்போய்க் கட்டிலின் தலைப்பக்கத்தில் அமர்ந்தார்.

வெகுநேரம் அமர்ந்திருந்தார். வெங்கடம்மா கண்களைத் திறக்காமலே மகளைக் கேட்டார்: "நைனா இன்னும் வர்லயாடி?"

யமுனா தந்தையைப் பார்த்தாள். ரங்கன் குனிந்து, "இங்கதான் கீறேன் மே" என்றார்.

"எப்ப வந்தே?"

"அப்பவே வந்துட்டேன்."

"சொல்ல வாணாமா? கண்ணத் தொறந்தா சுத்துதுயா. மூடிக்கினா, நீ கீறியா பூட்டியான்னே தெரில. மின்ன நீ தெரு மொனையில வரும்போதே எனக்குத் தெரியும். இங்க எல்லாம் பினாயிலுதான் அடிக்குது." மூச்சு வாங்கியது. "இன்னாத்துக்கு இப்பிடித் தேச்சித் தேச்சிக் குளிக்கிறே?"

"நர்சம்மா சொல்லிச்சி மே. நாறுதுன்னு."

"அதுக்கு நாறும். எனக்கா நாறுது?"

ரங்கனின் உள்ளங்கைகள் இரண்டும் தாமாகவே விரிந்து மனைவியின் முகத்துக்கு நேரே நீண்டன. வெங்கடம்மா மோந்து பார்த்தார். இம்முறை "இன்னோரு தபா" என்று சொல்லவில்லை.

"உன் காக்கிச் சட்ட ஒண்ணு எடுத்துக்கினு வா" என்றார். "தலமாட்டுல வெச்சிக்கிறேன். நீ பூட்டாலும் கீறா மாரி இருக்கும். தோய்க்காத சட்டையாப் பாத்து எடுத்தா."

வீட்டில் துவைக்காத சட்டை ஒன்றுகூட இல்லை. கொடியில் காக்கிச் சட்டைகள் வரிசையாக, விறைப்பாகக் காய்ந்துகொண்டிருந்தன. ரங்கன் ஒவ்வொன்றையும் எடுத்து முகத்தருகே கொண்டுபோனார்; மூச்சை இழுத்தார்; பிறகு நினைவு வந்தவராய்க் கொடியிலேயே போட்டார். பழந்துணி மூட்டையை அவிழ்த்தார். அதிலும் சோப்புக் கறைதான் இருந்தது.

மறுநாள் காலை, கொட்டகையைத் திறந்தவுடன், கொடியிலிருந்து எடுத்துவந்த சட்டைகளுள் ஒன்றை அணிந்துகொண்டார். கண்ணபிரானின் மொபெட் முதல் நாளே ஒழுகல் நீங்கித் தயாராக நின்றிருந்தது. ரங்கன் முதலில் அதைத் தொடவில்லை. வேறொரு பழுதான கார்புரேட்டரை எடுத்து, தேவையில்லாமல் பிரித்து, தேவையில்லாமல் பூட்டினார். பூட்டிய கையைச் சட்டையின் பக்கங்களில் துடைத்தார். கிரீஸ் டப்பாவில் விரலை விட்டு, அதையும் துடைத்தார். வியர்க்கும்வரை வெயிலில் நின்றார். சட்டையில் கறை படிந்தது. வாடை படிந்ததா என்று தெரியவில்லை.

மடப்பள்ளிக்குப் போகும் வழியில் கண்ணபிரான் வண்டியை எடுக்க வந்தார். நீராடி, திருமண் இட்டு, பஞ்சகச்சம் கட்டி, சாலைப் புழுதிக்காக வெள்ளைத் துணியை அப்போதே மூக்கின்மேல் கட்டியிருந்தார். கொட்டகைக்குள் ரங்கன் வெற்றுடம்புடன், அவருடைய வண்டியின் பக்கத்தில் குந்தியிருந்தார். கார்புரேட்டரின் அடித் திருகை ரங்கனின் கை மெல்லத் தளர்த்திக்கொண்டிருந்தது. கிண்ணத்தின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது. கழற்றிய சட்டையின் கைப்பகுதியை அதன் கீழே நீட்டிப் பிடித்தார்.

"ஏண்டா ரங்கா!" என்று பதறினார் கண்ணபிரான். "ஒழுகறத நிறுத்துடான்னா, நீயே ஒழுக விடறயே! என்னடா ஆச்சு நோக்கு?"

சொட்டு விழுந்தது. ரங்கன் திருகை இறுக்கினார். சட்டையை மூக்கருகே கொண்டுபோனார். பாதி வழியில் நிறுத்தினார். வெங்கடம்மா கேட்டது இன்னதென்று தாழ்ந்த குரலில் சொன்னார். மருத்துவர் சொன்னதையும் சொன்னார். கண்ணபிரான் நீல நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

ரங்கன் எழுந்து, சட்டையை இரு கைகளிலும் ஏந்தி, அவரை நோக்கி நீட்டினார். நீராடி வந்தவர்மேல் பட்டுவிடாதபடி ஓர் எட்டுத் தள்ளியே நின்றுகொண்டார்.

"நீங்க தொட வாணாம் சாமி. நானே புடிச்சிக்கிறேன்."

கண்ணபிரான் மூக்கின்மேல் கட்டியிருந்த துணியைக் கீழே இழுத்துவிட்டு, சட்டையை நோக்கிக் குனிந்தார்.

"மோந்து பாத்துச் சொல்லுங்க சாமி" என்றார் ரங்கன். "நான் வந்தா மாரி கீதா?"